ஹார்டு கோட் போட்ட பிளாஸ்டிக் லென்ஸில் கலர் ஏறுமா?

கேள்வி, 2022 மார்ச் 6

கீறல் விழாத பிளாஸ்டிக் லென்ஸ் என்று சொல்லிக் கொடுத்தார்கள், வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வெயிலில் கண் கூசுகிறது, லேசாக பிரவுன் கலர் ஏற்றித் தரமுடியுமா என்று கேட்டேன். ஒரு கடையில் "இதில் கலர் ஏறவே ஏறாது, புது லென்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். அடுத்த தெருக் கடையில் "அரை மணி நேரம் உட்காருங்கள், முடித்துத் தருகிறோம்" என்கிறார்கள். யாரை நம்புவது?

2022 மார்ச் 6, இரவு

இரண்டு பேருமே அவரவர் அனுபவத்தில் கண்டதைச் சொல்லியிருக்கலாம். லென்ஸைக் கையில் வாங்கிப் பார்க்காமல் இதற்கு முடிவு சொல்லமுடியாது. பத்தொன்பது வருடமாகத் திருச்சியில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்கட்டில் டிண்ட் தொட்டி முன்னால் நிற்கிறேன். தெரிந்ததை எழுதுகிறேன்.

நம் ஊரில் ஃபைபர் என்று கேட்டு வாங்கும் லென்ஸ் பெரும்பாலும் சி.ஆர்-39. கொலம்பியா ரெசின் என்ற வரிசையில் 39ஆவது கலவை என்பதால் அந்தப் பெயர். 1940இல் அமெரிக்காவில் உருவானது. போர்க்காலத்தில் பி-17 குண்டுவீச்சு விமானங்களின் எரிபொருள் தொட்டிக்குப் பயன்பட்டது. 1947இல் கலிஃபோர்னியாவின் ஆர்மர்லைட் கம்பெனி அதில் மூக்குக்கண்ணாடி லென்ஸ் வார்த்தது. எடை கண்ணாடி லென்ஸில் ஏறக்குறைய பாதிதான். சாயத்தையும் நன்றாக வாங்கிக்கொள்ளும். ஆனால் தூசியோடு வேட்டி நுனியில் துடைத்தாலே கீறல் விழுந்துவிடும். அதற்குத்தான் மேலே ஹார்டு கோட்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சாயம் ஏறவேண்டும் என்றால் மேற்பரப்பு சூட்டில் கொஞ்சம் இளகி வழிவிட வேண்டும். கீறல் விழக்கூடாது என்றால் அதே மேற்பரப்பு இறுகிக் கிடக்க வேண்டும். ஃபேக்டரியில் சிலிக்கான் சார்ந்த கரைசலில் லென்ஸை முக்கியெடுத்து, சூட்டில் இறுக வைக்கும் கோட் சில மைக்ரான் கனம்தான் இருக்கும். ஆனாலும் அதன் பின்னல் நெருக்கமானது. சாயம் உள்ளே போகாது. சாயம் ஏற்பதற்கென்றே செய்த ஹார்டு கோட்டும் உண்டு, அதில் பின்னல் கொஞ்சம் தளர்வாக இருக்கும். அதனால் கலர் ஏறும், அதே காரணத்தால் கீறலும் கொஞ்சம் சீக்கிரம் விழும்.

2022 மார்ச் 7

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். லென்ஸை ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, அதில் தெரியும் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். பிம்பம் வெள்ளையாகத் தெரிந்தால் வெறும் ஹார்டு கோட், அல்லது கோட்டே இல்லை. பச்சையாகவோ நீலமாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் ஏ.ஆர். அடுக்கு, அதாவது பிரதிபலிப்பைக் குறைக்கும் அடுக்கு, இருக்கிறது. பில்லில் எச்.எம்.சி. (ஹார்டு மல்டி கோட்) என்று எழுதியிருப்பார்கள். அப்படியிருந்தால் தொட்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். ஏன் என்பதைத் தனியாக எழுதுகிறேன், அது என் வீட்டுக் கதை.

2022 மார்ச் 9

ஆறாம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். ஃபேக்டரி கோட் என்றால் சாயம் போகாது என்று எழுதிவிட்டேன். கோட் போட்ட பக்கத்தில் போகாது என்பதுதான் சரி. லென்ஸுக்கு இரண்டு பக்கம் உண்டே!

சின்ன பவர் என்றால் ரெடிமேட் ஸ்டாக் லென்ஸ் வரும், அதில் முன்னும் பின்னும் கோட் இருக்கும். பைஃபோகல், அதிக சிலிண்டர் பவர், ப்ரோக்ரெஸிவ் எல்லாம் அப்படியில்லை. அவை முன்பக்கம் மட்டும் முடிந்த பிளாங்காக லேபுக்கு வரும். பின்பக்கத்தை லேபில் பவருக்கு ஏற்றபடி கடைந்து பாலிஷ் போடுவார்கள். அதன் பிறகு பின்பக்கத்தைச் சில லேப் அப்படியே விட்டுவிடும். சில லேப் லென்ஸைச் சுழலவிட்டுக் கோட்டைப் பரப்பி யூவி விளக்கில் இறுக்கும், அது பெரும்பாலும் சாயம் ஏற்கும் வகை. அதனால் முன்பக்கம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் சாயம் பின்பக்கமாக ஏறிவிடும். பார்க்கிறவருக்கு எந்தப் பக்கம் ஏறியது என்று தெரியாது.

கேள்வி கேட்டவரே, உங்களுடையது என்ன லென்ஸ்? ஆறாம் தேதியே இதை நான் கேட்டிருக்க வேண்டும்.

2022 மார்ச் 9, மாலை

டி-பைஃபோகல் என்கிறார், விளக்கின் பிம்பம் வெள்ளை என்கிறார். நம்பிக்கை இருக்கிறது. தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

2022 மார்ச் 13

கலர் ஏற்றுவது எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

சில்வர் தொட்டிகள் வரிசையாக ஒரு சூடான எண்ணெய்க் குளியலில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கலர், தண்ணீரில் கலந்த சாயம். தண்ணீர் கொதிக்கக்கூடாது, ஆனால் கொதிநிலைக்குக் கிட்டத்தில் நிற்க வேண்டும், 90 முதல் 95 டிகிரி. லென்ஸைக் கிளிப்பில் மாட்டி இறக்கினால், சூட்டில் பிளாஸ்டிக்கின் மேல்தோல் நெகிழ்ந்து சாயத் துகள்களை உள்ளே விடும். வெளியே எடுத்து ஆறியதும் அவை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அது பெயின்ட் மாதிரி மேலே உட்காருவதில்லை, அதனால் சுரண்டினாலும் உரியாது. கோட் இல்லாத சி.ஆர்-39இல் லேசான பிரவுன் சில நிமிடத்தில் வந்துவிடும். கறுப்புக்கு அருகில் போக அரை மணி நேரமும் ஆகும். ஹார்டு கோட் இருந்தால் எந்தக் கணக்கும் செல்லாது. ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்து, கழுவி, வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ட்யூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு பிரவுன் வெயிலில் வேறு வேறாகத் தெரியும்.

கை ரேகை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஜோடி லென்ஸில் என் கட்டைவிரல் அப்படியே வெள்ளையாக விழுந்திருந்தது. முதலாளி திட்டவில்லை, அந்த லென்ஸை என் மேசையிலேயே ஒரு மாதம் வைத்திருந்தார்.

கிரே கேட்பவர்கள்தான் அதிகம். ஏற்றுவதற்குக் கஷ்டமானதும் அதுதான். கிரே தனிச் சாயம் இல்லை, சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் கலந்தது. கோட் இல்லாத லென்ஸில் மூன்றும் சேர்ந்து போகும். ஹார்டு கோட் ஒன்றை விடும், இன்னொன்றைத் தடுக்கும். கிரே தொட்டியில் இறக்கியது ஊதாவாகவோ பச்சையாகவோ வெளியே வரும். எதிர்க் கலரில் கொஞ்சம் முக்கிச் சரிசெய்யலாம்: சிவப்பு தட்டினால் பச்சை, நீலம் தட்டினால் ஆரஞ்சு. ஆனால் ஒவ்வொரு முக்கலிலும் லென்ஸ் கருத்துக்கொண்டே போகும். ஒளியை 30 சதவீதம் தடுக்கும் கலர் கேட்டவருக்கு 50 சதவீதத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். அதனால் ஹார்டு கோட் லென்ஸ் என்றால் நான் பிரவுன்தான் சொல்வேன், அது கொஞ்சம் முன்னேபின்னே போனாலும் பிரவுனாகவே தெரியும்.

இரண்டு லென்ஸையும் ஒரே கிளிப்பில் ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். ஒன்று உடைந்து புதிது போட்டால், பழையதற்குப் பொருத்தமாகப் புதியதில் கலர் கொண்டுவருவது பெரும்பாடு. இரண்டையும் நியூட்ரலைசர் தொட்டியில் போட்டுச் சாயத்தை இறக்கி, முதலில் இருந்து ஏற்றுவதே நல்லது. அதிலும் அளவு உண்டு. நியூட்ரலைசரில் அதிக நேரம் கிடந்தால் ஹார்டு கோட் மங்கிவிடும்.

2022 மார்ச் 20

வீட்டுக் கதை எழுதுகிறேன் என்றேன் அல்லவா.

என் தங்கைக்கு ஒற்றைத் தலைவலி. ட்யூப்லைட் மினுக்கினால் போதும், பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடத்தில் உட்கார்ந்துவிடுவாள். டீச்சர் வேலை. 2014இல் நான் அவளுக்கு அடர்ந்த கிரே கண்ணாடி போட்டுக்கொடுத்தேன், வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள் என்றேன். தப்பு செய்தேன். நாள் முழுக்க இருட்டுக்குள் இருந்தால் கண் இருட்டுக்குப் பழகி, சாதாரண வெளிச்சமே ஊசி குத்துவது மாதிரி ஆகிவிடும். மூன்று மாதத்தில் முன்பைவிட மோசமானாள். அவளைப் பார்த்த டாக்டர்தான் கழற்றச் சொன்னார், ரோஸ் நிற டிண்ட் ஒன்று இருக்கிறது என்றும் சொன்னார்.

எஃப்.எல்-41 என்று அதற்குப் பெயர். ஃப்ளோரசன்ட் விளக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக இங்கிலாந்தில் வந்தது. நீலம், நீலப்பச்சைப் பகுதி ஒளியைத்தான், 480 நானோமீட்டர் அலைநீளத்தின் அக்கம்பக்கத்தை, அது அதிகமாக வடிகட்டும். 1991இல் பர்மிங்காமில் தலைவலி உள்ள குழந்தைகளுக்குப் பாதிப் பேருக்கு இந்த ரோஸும், பாதிப் பேருக்கு அதே அடர்த்தியில் நீலமும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் மாதத்தில் இரண்டு பக்கமும் தேறியது. நான்கு மாத முடிவில் ரோஸ் போட்டவர்களிடம் மட்டும் நிலைத்தது, மாதம் 6.2 தடவை வந்த தலைவலி 1.6க்கு இறங்கியிருந்தது. சின்ன ஆய்வுதான், எல்லாருக்கும் கேட்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

இரண்டாவது தப்பை இங்கேதான் செய்தேன். அவள் போட்டிருந்தது எச்.எம்.சி. லென்ஸ், புதுசு. அதிலேயே ரோஸ் ஏற்றிவிடலாம் என்று 93 டிகிரியில் இறக்கினேன். நான்கு நிமிடம் கழித்து எடுத்தபோது, வற்றிய ஏரியில் வண்டல் வெடித்துக் கிடக்குமே, அப்படி லென்ஸ் முழுவதும் மயிரிழை வெடிப்பு. ஏ.ஆர். என்பது வெற்றிடப் பெட்டியில் ஆவியாக்கிப் படியவைக்கும் ஆக்ஸைடு அடுக்குகள், கண்ணாடியின் இனம். சூட்டில் பிளாஸ்டிக் விரியும் அளவு அவை விரிவதில்லை. உள்ளே இருப்பது விரிந்தால் மேலே இருப்பது வெடிக்கத்தான் செய்யும். மே மாத வெயிலில் காரின் டாஷ்போர்டில் வைத்த கண்ணாடிக்கும் இதே கதிதான்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுநாள் பள்ளிக்கூடம் போனாள். அதன் பிறகு ட்யூப்லைட் பிம்பத்தைப் பார்க்காமல் ஒரு லென்ஸையும் நான் தொட்டியில் இறக்கியதில்லை.

2022 மார்ச் 21

கண்ணாடி லென்ஸில் கலர் எப்படிக் கொடுத்தார்கள் என்று ஒருவர் கேட்கிறார். அதில் கலர் கண்ணாடிக் கலவையிலேயே இருக்கும். இங்கிலாந்தின் வில்லியம் குரூக்ஸ், கண்ணாடி உலையில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் கண்புரையைத் தடுக்க நூற்றுக்கணக்கான கலவைகளைச் சோதித்து 1910களில் எழுதினார். சீரியம் கலந்த அந்த வகைதான் குரூக்ஸ் கண்ணாடி. அப்பா காலத்தில் "குரூக்ஸ் போட்டுக் கொடு" என்றே கேட்பார்கள்.

அப்பாவுக்கு மைனஸ் 8. பிரவுன் கண்ணாடி லென்ஸ் போட்டிருந்தார். மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்திருக்கும். கலர் உடம்பு முழுவதும் இருப்பதால் நடுவில் வெளிறி, ஓரம் கருவளையமாகத் தெரியும். சின்ன வயதில் அப்பாவின் கண்ணைச் சுற்றி நிழல் விழுந்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். முக்கி ஏற்றும் டிண்டில் அந்தக் குறை இல்லை, சாயம் மேல்தோலில் மட்டும் இருப்பதால் எந்தப் பவரிலும் சமமாக விழும். பிளாஸ்டிக்கின் பெரிய வரம் என்று நான் நினைப்பது அதைத்தான், எடை குறைவை அடுத்துத்தான் சொல்வேன்.

2022 ஏப்ரல் 2

வீட்டிலேயே துணிச் சாயத்தில் வேகவைக்கலாமா என்று ஒரு தம்பி.

எந்தச் சாயம் என்பதைப் பொறுத்தது. திருப்பூர் பனியனுக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் பருத்தி நூலைப் பிடித்துக்கொள்ளும் வகை, லென்ஸில் ஒட்டாது. பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பெர்ஸ் சாயம் ஒட்டும், ஏனென்றால் அது தண்ணீரில் சரியாகக் கரையாமல் பிளாஸ்டிக்குக்குள் கரையப் பார்க்கும். நம் தொட்டியில் இருப்பதும் அந்த இனம்தான். சட்டைப் பொத்தானுக்குக் கலர் ஏற்றுவதும் இதே வழியில்தான். அதனால் கோட் இல்லாத பழைய சி.ஆர்-39 இருந்தால் வீட்டிலும் ஏறும். சமையல் பாத்திரத்தில் செய்யாதே தம்பி, ஜன்னலைத் திறந்துவை, தண்ணீரைக் கொதிக்கவிடாதே. குமிழி அடித்தால் லென்ஸ் திட்டுத் திட்டாகும். அன்றாடம் போடும் ஒரே கண்ணாடியில் பரீட்சை பார்க்கவும் வேண்டாம்.

2022 ஏப்ரல் 3

மேலே 90 முதல் 95 டிகிரி என்று எழுதியது கோட் இல்லாத லென்ஸுக்கு. பின்பக்கம் யூவியில் இறுக்கிய கோட் இருந்தால் நான் 90ஐத் தாண்டுவதில்லை. நேரம் கூடும், பரவாயில்லை. சூட்டைக் கூட்டி அவசரப்பட்டால் கோட் ஓரத்தில் இருந்து உரிய ஆரம்பிக்கும்.

2022 ஏப்ரல் 17

பாலிகார்பனேட் பற்றிக் கேட்டார்கள், குழந்தைகளுக்கு அதைத்தான் எழுதிக்கொடுக்கிறார்கள். எறிந்தாலும் உடையாது, ஆனால் கீறல் சி.ஆர்-39ஐவிடச் சுலபமாக விழும், அதனால் கோட் இல்லாமல் பாலிகார்பனேட் லென்ஸே கிடையாது. தொட்டி சூட்டில் அந்த பிளாஸ்டிக் சாயமே வாங்காது. ஏறுவது முழுக்கவும் கோட்டுக்குள்தான். சில மைக்ரான் தோலில் எவ்வளவு சாயம் பிடிக்கும்? லேசான கலர் வரும், கறுப்புக் கேட்டால் வராது, அல்லது திட்டாக வரும். துடைப்பதற்கு அசிட்டோன் தொடவே கூடாது. கோட் இல்லாத ஓரத்தில் பட்டால்கூடப் பால் மாதிரி வெளுத்து வெடிக்கும்.

2022 மே 8

அக்னி நட்சத்திரம். கடையில் தினமும் ஒரே கேள்வி: "நல்லா டார்க்கா போடுங்க, யூவி வராம." டார்க்குக்கும் யூவிக்கும் சம்பந்தம் இல்லை. சி.ஆர்-39 தானாகவே 350 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள யூவியைத்தான் தடுக்கும். 400 வரை வேண்டும் என்றால் அதற்கென்று தனி யூவி தொட்டி உண்டு, அதில் முக்கினால் கலரே இல்லாமல் பாதுகாப்பு வரும். அதை விட்டுவிட்டு வெறும் கறுப்பு போட்டால் கண்மணி விரியும், யூவி உள்ளே இன்னும் தாராளமாகப் போகும். யூவி மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சின்ன டார்ச்சும் ரூபாய் நோட்டும் வைத்துப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம், மலிவு டார்ச்சில் வருவது 395 அக்கம்பக்கம், கண்ணுக்குத் தெரியும் ஊதாவும் சேர்ந்தே வரும்.

சதவீதத்திலும் குழப்பம் உண்டு. கடையில் 25 சதவீதம் என்றால் அவ்வளவு ஒளியைத் தடுக்கிறது, 75 சதவீதம் உள்ளே விடுகிறது என்று பொருள். சர்வதேச வகைப்பாடு உள்ளே விடும் அளவைச் சொல்கிறது: 18 முதல் 43 வரை என்றால் இரண்டாம் வகை, 8 முதல் 18 என்றால் மூன்றாம் வகை. 8க்குக் கீழே நான்காம் வகை, அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது. 75க்குக் குறைவாக விடும் எதையும் போட்டுக்கொண்டு இரவில் ஓட்டக்கூடாது. இரவு பைக்குக்கு மஞ்சள் டிண்ட் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். எதிர் வண்டி வெளிச்சத்தோடு சேர்த்துப் பாதசாரியையும் அது மங்கவைக்கும்.

வெயிலில் தானாகக் கருக்கும் லென்ஸ் நல்லதுதான். ஆனால் அது யூவியில் கருக்கும், சூட்டில் வெளுக்கும். அதனால் ஊட்டியில் கருப்பதைப்போல மே மாதத் திருச்சியில் கருக்காது. கார் கண்ணாடி யூவியைத் தடுப்பதால் ஓட்டும்போது சரியாக வேலை செய்யாது. டிண்டுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

2022 ஜூன் 19

முதல் கேள்வியைக் கேட்டவரின் லென்ஸ் வந்தது. தபாலில் வந்ததில் ஃப்ரேமின் கை வளைந்திருந்தது, அதைச் சரிசெய்தேன். முன்பக்கம் ஃபேக்டரி கோட், பின்பக்கம் ஒன்றும் இல்லை. இத்தனை மாதத்தில் பின்பக்கம் மூன்று மெல்லிய கீறல் இருந்தது. இரண்டு பக்கமும் கோட் என்று பில்லில் காசு வாங்கியிருக்கிறார்கள், எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஆனால் கோட் இல்லாததால்தான் கலர் ஏறியது. சோப்பில் கழுவி, 90 டிகிரியில் பிரவுன், ஏழு நிமிடம். 28 சதவீதம் வந்தது, இரண்டும் சமம். கீறல் இருந்த மூன்று கோட்டிலும் சாயம் கொஞ்சம் கூடுதலாக ஏறியிருக்கிறது, வெள்ளைத் தாளில் வைத்தால் தெரியும், போட்டுக்கொண்டால் தெரியாது. அவரிடம் சொல்லிவிட்டேன். இரவில் ஓட்ட வேறு கண்ணாடி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

2023 ஜனவரி 22

தங்கையின் கண்ணாடி என்ன ஆனது என்று கேட்டு நான்கு பேர் எழுதிவிட்டீர்கள்.

2015இல் வரிசையை மாற்றிச் செய்தேன். முதலில் சாயம் ஏற்கும் ஹார்டு கோட் போட்ட லென்ஸ், அதில் ரோஸ், நன்றாகக் கழுவி ஒரு நாள் காயவைத்து, கடைசியாக லேபுக்கு அனுப்பி ஏ.ஆர். அங்கேயும் ஒன்று கற்றேன். ஏ.ஆர். இல்லாத லென்ஸ் பக்கத்துக்கு 4 சதவீதம் வீதம் 8 சதவீத ஒளியைப் பிரதிபலித்துவிடும். ஏ.ஆர். போட்டால் அந்த ஒளியும் உள்ளே வருவதால் டிண்ட் வெளிறினது மாதிரி தெரியும். அவளுக்கு முதல் ஜோடி வெளிறித்தான் வந்தது. அடுத்த ஜோடிக்கு ஒரு படி அடர்த்தியாக ஏற்றி அனுப்பினேன், சரியாக உட்கார்ந்தது. தலைவலி போய்விடவில்லை, குறைந்திருக்கிறது. மாத்திரையும் எடுக்கிறாள், தூக்கத்தையும் ஒழுங்கு செய்திருக்கிறாள், எதில் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

இப்போது போட்டிருப்பது நான்காவது ஜோடி. போன வாரம் கடைக்கு வந்தாள், கூடவே அவள் வகுப்புப் பெண் ஒருத்தி, அதே மாதிரி வெளிச்சம் ஒத்துக்கொள்ளாத பிள்ளை. பவர் எழுதிய சீட்டைக் கொடுத்தார்கள். லென்ஸ் ஆர்டர் போடும்முன் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் கேட்டேன்: "கலர் வேணுமாம்மா? வேணும்னா இப்பவே சொல்லிடுங்க, கோட் போட்டுட்டா அப்புறம் ஏறாது." டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஆர்டரை எழுதாமல் வைத்திருக்கிறேன்.